எடுத்தேன் என்றால் திருடினேன் இல்லை: சிங்கப்பூரில் போலீஸ் கூப்பிட்டால் என்ன செய்வது

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவன், கட்டிலுக்கு அடியில் ஒரு பர்ஸ் கிடந்ததைப் பார்த்து, யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்று எடுத்து அலமாரி மேல் வைத்தான். ராத்திரி பர்ஸுக்குச் சொந்தக்காரர் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த 600 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) காணோம். மறுநாள் கம்பெனி ஆபீஸில் சூப்பர்வைசர் கேட்டார்: "பர்ஸை எடுத்தது யாரு?" "நான்தாண்ணே எடுத்தேன்." அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை அவர் ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார், இவனும் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்திலிருந்து மீண்டு வரப் பத்து மாதம் ஆனது.

நான் வக்கீல் இல்லை. கட்டுமான வேலைக்கு வந்து, பாதுகாப்பு மேற்பார்வையாளராக ஆகி, இங்கேயே வருஷங்களைக் கழித்தவன். அந்தப் பத்து மாதமும் அவனோடு கோர்ட்டுக்கும் வக்கீலுக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை, ஊரிலிருந்து புதிதாக இறங்கும் தம்பிகளிடம் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா வட்டாரம்) டீ குடித்துக்கொண்டே சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் கேஸுக்கு உங்கள் வக்கீல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. இன்னொன்று, தப்புச் செய்தவன் நழுவுவதற்கு இதில் வழி எதுவும் கிடையாது. செய்யாதவன் செய்ததாக எழுதிக் கொடுத்துவிடாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவும்.

முதலில் ஊர்ப் பாடத்தை மறந்துவிடுங்கள்

ஸ்டேஷனில் என்ன சொன்னாலும் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அது வெறும் சினிமா வசனம் இல்லை, இந்தியச் சட்டமே ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்க முடியாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் சொன்னது, இப்போது வந்திருக்கும் புதுச் சட்டமும் அதையே சொல்கிறது. போலீஸ் விசாரணையில் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பதும் அங்கே விதி.

இங்கே நேர்மாறு. சார்ஜென்ட் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம், மிரட்டலோ ஆசை வார்த்தையோ இல்லாமல் நீங்கள் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியமாக நிற்கும். அதில் நீங்கள் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். பிறகு "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால், "அப்போ இது யார் கையெழுத்து?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வேடிக்கை என்னவென்றால் இரண்டு நாட்டுச் சட்டமும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதியதைத்தான் சிங்கப்பூருக்கும் கொண்டுவந்தான். ஏமாற்று வேலைக்கு இங்கே இன்னமும் 420ஆம் பிரிவுதான், ஊரில்தான் 2024 ஜூலையில் அது 318 ஆகிவிட்டது.

இங்கே பிழையான தீர்ப்பு அடி உதையால் வருவதைவிடக் காகிதத்தால் வருவது அதிகம் என்பது என் எண்ணம். ஏசி அறை, மரியாதையான பேச்சு, தண்ணீர் கூடக் கொடுப்பார்கள். அந்த மரியாதையில் நாம் குளிர்ந்துபோய் எல்லாவற்றுக்கும் "ஓகே சார்" போட்டுவிடுகிறோம்.

கம்பெனி ஆபீஸில் கையெழுத்து வேண்டாம்

போலீஸுக்கு முன்பே கம்பெனியில் ஒரு விசாரணை நடக்கும். சூப்பர்வைசர், எச்ஆர், சில சமயம் டார்மெட்ரி (தொழிலாளர் விடுதி) ஆட்கள். ஒரு வெள்ளைத் தாளில் ஏதோ டைப் செய்து நீட்டி, "இதில் போட்டுட்டா மேட்டர் இங்கேயே முடிஞ்சிடும்" என்பார்கள். முடியாது. அந்தத் தாள்தான் போலீஸ் புகாரோடு போகும். புரியாத மொழியில் இருப்பதில் கையெழுத்துப் போட முடியாது, தமிழில் நானே எழுதித் தருகிறேன் என்று மரியாதையாகவே சொல்லுங்கள். விடாமல் கட்டாயப்படுத்தினால், உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழில் "இதில் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை" என்று எழுதி, முடிந்தால் அந்தத் தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"காசைத் திருப்பிக் கொடுத்துடு, கேஸ் இல்லை" என்பது இன்னொரு வலை. எடுக்காத காசைத் திருப்பிக் கொடுத்தால், எடுத்ததால்தானே கொடுத்தான் என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும்.

கிளம்பும் முன் அரை மணி நேரம்

போலீஸ் வரச் சொல்லிக் கூப்பிட்டால் போக வேண்டும், போகாமல் இருப்பது தனித் தலைவலி. ஆனால் போவதற்கு முன் சில வேலைகளை முடித்துவிடலாம்.

போனைப் பறிமுதல் செய்வார்கள், அதன் பாஸ்வேர்டைக் கேட்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நம்மில் பாதிப் பேருக்கு மனைவியின் நம்பரே மனப்பாடம் கிடையாது. அதனால் ஒரு காகிதத்தில் வீட்டு நம்பர், நம்பிக்கையான நண்பர் நம்பர், உதவி அமைப்பின் நம்பர் மூன்றையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். போகும் இடம், வரச் சொன்ன அதிகாரியின் பெயர், நேரம் இவற்றை ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விசாரணை அதிகாரியை இங்கே எல்லோரும் ஐஓ என்றுதான் சொல்வார்கள், அந்தப் பெயர் கேஸ் முடியும் வரை தேவைப்படும்.

அப்புறம் ஆதாரம். சம்பவம் நடந்த நாளில் எங்கே இருந்தீர்கள் என்பதை உங்களுக்காக யாரும் தேடித் தர மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே செயல்படுங்கள். பஸ், எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) கார்டில் பயணக் கணக்கு இருக்கிறது. டார்மெட்ரி வாசலில் நுழைந்த நேரம் பதிவாகியிருக்கும். ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் குரல் செய்தி, ஓவர்டைம் சீட்டு எல்லாமே நேரத்தைச் சொல்லும் சாட்சிகள். சிசிடிவி மட்டும் காத்திருக்காது, பழையதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும். அதனால் எந்தக் கேமரா, எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு, ஐஓவிடம் முதல் நாளே "அதைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அதை வாக்குமூலத்திலும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தம்பியைக் கடைசியில் காப்பாற்றியது நடைவழிக் கேமரா. அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு வேறொருவர் அந்த அறைக்குள் போய் வந்தது அதில் இருந்தது.

ஃபேஸ்புக்கிலும் டிக்டாக்கிலும் கேஸைப் பற்றி ஒரு வரி கூடப் போடாதீர்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றி எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம், இதற்கென்றே 2016இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

முதல் வாக்கியமே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்"

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

சைட்டில் நாம் பேசும் ஆங்கிலம் "கேன், கேனாட், ஆல்ரெடி டூ" வகை. கான்கிரீட் போட அது போதும், கோர்ட்டுக்குப் போதாது. ஆங்கிலம் பேசுவீர்களா என்று கேட்டால் கௌரவத்துக்காகத் தலையாட்டாதீர்கள். உட்கார்ந்ததும் சொல்லும் முதல் வாக்கியம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதாக இருக்கட்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி, கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் வாக்குமூலத்தை வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது.

கேட்டதை அப்போதே கேட்டதாகப் பதிவு செய்ய வைப்பதும் முக்கியம். தங்கராஜு சுப்பையா என்ற சிங்கப்பூர்த் தமிழரின் வழக்கு ஞாபகம் இருக்கலாம். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தண்டிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தன்னை விசாரித்தார்கள் என்று அவர் சொன்னார். வழக்கு விசாரணையின்போதுதான் முதல் தடவையாக அதைச் சொல்கிறார், மற்ற வாக்குமூலங்களிலும் அப்படிக் கேட்கவில்லை என்று நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எது நியாயம் என்று நாம் தனியாக வாதாடிக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது, பிறகு கேட்டால் செல்லாது என்பது.

பார்த்தி லியானி என்ற இந்தோனீசியப் பணிப்பெண்ணின் வழக்கிலும் இதே மொழிபெயர்ப்பாளர் சிக்கல் வந்தது. பெரிய இடத்துக் குடும்பம், முதலாளி அப்போது சாங்கி விமான நிலையக் குழுமத்தின் தலைவர். 2016இல் வேலையை விட்டு நிறுத்தியதும், மனிதவள அமைச்சில் புகார் கொடுப்பேன் என்று பார்த்தி சொன்னார். அடுத்த சில நாள்களில் அவர் மேலேயே திருட்டுப் புகார் போனது. 34,000 வெள்ளி மதிப்புள்ள பொருள்களைத் திருடினார் என்று 2019இல் 26 மாதச் சிறை விதித்தார்கள். 2020 செப்டம்பர் 4 அன்று உயர் நீதிமன்ற நீதிபதி சான் செங் ஓன் அவரை விடுவித்தார். தீர்ப்பைப் பார்த்தால் ஓட்டைகள் ஒன்றிரண்டு இல்லை. போலீஸார் அந்த வீட்டுக்குப் போனதே புகார் வந்து ஐந்து வாரம் கழித்து. அதுவரை பொருள்கள் எல்லாம் புகார் கொடுத்தவர்கள் கையிலேயே இருந்தன. சில வாக்குமூலங்களை இந்தோனீசிய மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே எடுத்திருந்தார்கள். குடும்பத்துக்குப் புகார் கொடுக்க உள்நோக்கம் இருந்திருக்கலாம் என்றும் நீதிபதி சொன்னார். முதலாளியின் மகன் பிறகு பொய்த் தகவல் கொடுத்த குற்றத்தை ஒப்புக்கொண்டு 2023இல் 5,000 வெள்ளி அபராதம் கட்டினார்.

நம் மொழியிலேயே இருக்கும் பள்ளங்கள்

மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நாம் பேசும் தமிழ் அப்படி.

"எடுத்தேன்" என்றால் நமக்குக் கையில் எடுத்தது, நகர்த்தியது, தூக்கி வைத்தது எல்லாம்தான். திருட்டு கேஸ் என்று பெயர் எழுதிய ஃபைலில் அந்தச் சொல் போய் விழுந்தால் அதன் நிறமே மாறிவிடும். "கீழே கிடந்ததைப் பார்த்து அலமாரி மேல் வைத்தேன், திறக்கவில்லை" என்று முழுசாகச் சொல்லுங்கள். "கை பட்டது" என்பதும் "கை வைத்தேன்" என்பதும் ஒன்று இல்லை. கூட்டமான ரயிலில் நடந்ததாகச் சொல்லும் மானபங்க வழக்கில், பட்டதா தொட்டதா என்பதுதான் முழு வழக்கே. "தெரியும்" என்றால் பார்த்திருக்கிறேன் என்ற அர்த்தமா, பழக்கம் என்ற அர்த்தமா, நடக்கப்போவது முன்பே தெரியும் என்ற அர்த்தமா? "அவன் தெரியும்" என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல், "முகம் பார்த்திருக்கிறேன், பெயர் தெரியாது" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

"இருக்கும்" இன்னொரு குழி. "அவன்தான் வச்சிருப்பான்", "பத்து மணி இருக்கும்" என்பதெல்லாம் நமக்கு ஊகம். எழுதும்போது அது உறுதியாகிவிடும். பார்த்தது, கேட்டது, நினைத்தது மூன்றையும் கலக்காதீர்கள். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், ஐஓவைச் சந்தோஷப்படுத்த ஒரு நேரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது.

கடைசியாக அந்த "ம்", "சரி சரி", அப்புறம் நம் தலையாட்டல். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக நாம் ஆட்டுவதை, ஒத்துக்கொள்கிறான் என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அவர் சொல்லி முடித்ததும் வாயைத் திறந்து ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். மலேசியத் தமிழோ சிங்கப்பூர்த் தமிழோ பேசும் மொழிபெயர்ப்பாளருக்கு உங்கள் வட்டாரப் பேச்சு பிடிபடவில்லை என்று தோன்றினால் மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள், அப்படியும் ஆகாவிட்டால் வேறொருவர் வேண்டும் என்று கேளுங்கள்.

வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொடாதீர்கள்

வாக்குமூலம் இரண்டு வகை. விசாரணையின்போது எடுக்கும் நீளமானது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிய பிறகு எடுப்பது 23ஆம் பிரிவின் கீழ்.

22இல் கேட்பதற்கு உண்மையைச் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவர், பொய் சொன்னால் அது தனிக் குற்றம். ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க உரிமை உண்டு. இந்த உரிமையை அதிகாரி உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அதனால்தான் நான் சொல்கிறேன்.

23 வேறு மாதிரி. உங்கள் பக்க நியாயத்தை இப்போது சொல்லாமல் கோர்ட்டில் முதல் தடவையாகச் சொன்னால் நம்புவது கடினம் என்று அதில் எச்சரிப்பார்கள். அது சும்மா மிரட்டல் இல்லை. அந்த நேரத்தில் இங்கே இருந்தேன், இன்னார் சாட்சி, இன்ன கேமரா பார்க்க வேண்டும் என்ற முக்கியமான விஷயங்களை நாலு வரியிலாவது அதில் ஏற்றிவிடுங்கள்.

முடிந்ததும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கமாக. தப்பான சொல்லைக் கண்டால் அடித்துத் திருத்தச் சொல்லி, திருத்திய இடத்தில் உங்கள் சுருக்கக் கையெழுத்தைப் போடலாம். ராத்திரி ரெண்டு மணி, கண் சொக்குகிறது, சீக்கிரம் போட்டால் சீக்கிரம் படுக்கலாம் என்று தோன்றும். எங்கள் தம்பி அப்படித்தான் போட்டான். பசி, தூக்கம், மாத்திரை எது தேவைப்பட்டாலும் அப்போதே கேளுங்கள், கேட்டதை எழுதச் சொல்லுங்கள். "ஒத்துக்கிட்டா பெயில்", "ஒத்துக்கலேன்னா உன் அண்ணன் வொர்க் பெர்மிட்டும் போயிடும்" என்பது போல யாராவது சொன்னால் யார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை என்று மனசில் குறித்து வைத்து, வக்கீலிடமும் முதல் தடவை முன்னால் நிற்கும் நீதிபதியிடமும் சொல்லுங்கள். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலத்தைக் கோர்ட் ஏற்கக் கூடாது.

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவரை விசாரிக்கும்போது கூட ஒரு தன்னார்வலர் உட்காரும் ஏற்பாடு 2015 முதல் இருக்கிறது. உங்கள் நண்பர் அப்படிப்பட்டவர் என்றால் வெட்கப்படாமல் போலீஸிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

48 மணி நேரம், பெயில், வக்கீல்

கைது செய்தால் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வக்கீலைப் பார்க்கும் உரிமையும் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் "உடனே" இல்லை. நியாயமான நேரத்துக்குள் என்றுதான் நீதிமன்றங்கள் அதற்குப் பொருள் சொல்லியிருக்கின்றன. அதனால் முதல் வாக்குமூலத்தில் பெரும்பாலும் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள். ஒரு போன் பண்ணிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அமெரிக்கப் படத்தில். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று மட்டும் கேளுங்கள், அது சர்வதேச ஒப்பந்தம் தரும் உரிமை. தூதரகம் கிரேஞ்ச் ரோட்டில் இருக்கிறது. கேஸை அவர்கள் நடத்த மாட்டார்கள், வீட்டுக்குச் செய்தி போகும்.

பெயிலுக்குச் சிங்கப்பூர்க் குடிமகனோ நிரந்தரவாசியோ ஒருவர் நிற்க வேண்டியிருக்கும், நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் பெரிய சுவர். பார்த்தி லியானிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு உதவும் ஹோம் என்ற அமைப்புதான் தங்க இடமும் பெயிலும் கொடுத்தது, அனில் பால்சந்தானி என்ற வக்கீல் காசு வாங்காமல் வாதாடினார். ஆண் தொழிலாளர்கள் அதே மாதிரி உதவும் டிடபிள்யூசி2 அமைப்பையும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தையும் அணுகலாம். காசில்லாதவர்களுக்குக் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் இருக்கிறது, கிளாஸ் என்பார்கள், அதற்கு வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், வருமானத்தையும் வழக்கையும் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய அரசாங்கப் பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். மரண தண்டனை வழக்கு என்றால் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அரசாங்கச் செலவில் வக்கீல் கிடைப்பார். டார்மெட்ரி வாசலில் நின்று "எனக்குத் தெரிஞ்ச லாயர் இருக்கார், முன்பணம் கொடு" என்று வருகிறவரை மட்டும் தள்ளியே வையுங்கள்.

"ஒத்துக்கிட்டு ஊருக்குப் போயிடலாமா?"

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேஸ் ஓடும்போது பெர்மிட் போய், கேஸ் முடியும்வரை இங்கே தங்க மட்டும் விடும் ஸ்பெஷல் பாஸ் கையில் வரும். அதை வைத்துக்கொண்டு வழக்கமாக வேலை செய்ய முடியாது, ஊருக்கும் போக முடியாது. ஊரில் ஏஜென்டுக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரம் உள்ளே இருந்துவிட்டுப் போனால் போதும் என்று தோன்றுவது இயற்கைதான். போதாததற்கு 2023 அக்டோபர் முதல், ஆரம்பத்திலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையில் 30 சதவீதம் வரை குறைக்கலாம் என்ற வழிகாட்டு நெறி வேறு. செய்தவருக்கு அது நல்ல ஏற்பாடு. செய்யாதவருக்கு அது தூண்டில் என்று எனக்குத் தோன்றுகிறது. பிழையான தண்டனைகளில் எத்தனை இப்படிச் சத்தமில்லாமல் முடிந்துபோகின்றன என்று யாரும் எண்ண முடியாது, ஏனென்றால் அப்பீலே வராது.

ஒப்புக்கொள்வது என்றால் அரசாங்கத் தரப்பு எழுதிய சம்பவ விவரம் முழுவதையும் ஒப்புக்கொள்வது. "ஒத்துக்கிறேன், ஆனா காசை நான் எடுக்கலை" என்று இழுத்தால் அந்த ஒப்புதலை நீதிபதி ஏற்க மாட்டார், அது உங்களுக்கு நல்லதுதான். முடிவெடுக்கும் முன் அந்த விவரத்தைத் தமிழில் வரி வரியாகக் கேளுங்கள். ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கும் அரசு நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. இதுவும் தெரிந்திருக்கட்டும்: தண்டனை பெற்றவர் மறுபடி இங்கே வேலைக்கு வருவது ஏறக்குறைய முடிந்த கதை.

பையைத் தூக்காதீர்கள்

சாதாரண வழக்கில் நிரூபிக்க வேண்டியது அரசாங்கத் தரப்பு. போதைப்பொருள் வழக்கில் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். உங்கள் வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், அது என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும், தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் வேலை. ஹெராயினில் இருக்கும் சுத்தமான போதைப்பொருள் (டயமார்ஃபின்) 2 கிராமைத் தாண்டினால் கடத்தத்தான் வைத்திருந்தீர்கள் என்று அனுமானம், 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை வரை போகும்.

மலேசியத் தமிழரான கோபி அவேதியன், தான் கொண்டுவந்தது லேசான போதை மருந்து என்று சொல்லித்தான் தன்னிடம் கொடுத்தார்கள் என்றார். உயர் நீதிமன்றம் அதை நம்பி 15 ஆண்டுச் சிறையும் 10 பிரம்படியும் விதித்தது. அரசாங்கத் தரப்பு அப்பீல் போனது, 2018இல் அது மரண தண்டனை ஆனது. பிறகு இன்னொரு வழக்கில் சட்டத்தின் பொருளையே மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாக்கியதால், 2020 அக்டோபரில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு பழைய 15 ஆண்டைக் கொடுத்தது. நடுவில் இரண்டு வருஷம் அந்த மனிதர் தூக்குக் கயிற்றுக்குக் காத்திருந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூரிலிருந்து வரும்போது "இந்தப் பார்சலைக் கொஞ்சம் கொடுத்துடுப்பா" என்று மாமனே சொன்னாலும் வேண்டாம். சிம் கார்டும் வங்கிக் கணக்கும் சிங்பாஸும் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) அதே மாதிரிதான், நூறு வெள்ளிக்கு வாடகை விட்டுவிட்டு எனக்கு எதுவும் தெரியாது என்றால் இப்போதைய சட்டத்தில் அது எடுபடாது.

தீர்ப்புக்குப் பிறகும் கதவு உண்டு, ஆனால் சின்னது

தண்டனை விதித்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அப்பீல் மனு போக வேண்டும். சிறையில் இருந்தால் அங்கே பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடம் வாயால் சொன்னாலே போதும். நாள் தவறிவிடாதீர்கள்.

அப்பீலில் எதைத் தோண்டுவது? மற்றவர்கள் சொன்னதைத்தான். 2005இல் பூன் லேயில் ஒரு மூதாட்டி கொலையான வழக்கில் இஸ்மில் காதர், முகமது காதர் என்ற அண்ணன் தம்பி இருவருக்கும் மரண தண்டனை கிடைத்தது. வீட்டுக்குள் வந்தது ஒரே ஆள்தான் என்று, நோயில் படுத்திருந்த கணவர் போலீஸிடம் சொல்லியிருந்தார். அது தற்காப்புத் தரப்புக்கு நேரத்தில் வந்து சேரவில்லை. அண்ணன் இஸ்மிலின் சில வாக்குமூலங்கள் முறைப்படி எடுக்கப்படவில்லை என்பதும் வெளியே வந்தது. 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவக்கூடிய தகவலை அரசாங்கத் தரப்பு தானாகவே கொடுக்க வேண்டும் என்ற கடமை அந்தத் தீர்ப்பிலிருந்துதான் உறுதியானது, வக்கீல்கள் அதைக் காதர் கடமை என்கிறார்கள். உங்கள் வக்கீலிடம் இந்தப் பெயரைச் சொல்லி, எல்லாச் சாட்சிகளும் முதலில் போலீஸிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அப்பீலும் முடிந்தபின் புது ஆதாரமோ சட்ட மாற்றமோ வந்தால் மறுஆய்வு கேட்கலாம். 2020 செப்டம்பரில் நைஜீரியர் ஒருவர் அப்படி விடுதலையானார், விசாரணையில் அவர் ஏன் பொய் சொன்னார் என்பதற்குச் சிறுவயதில் பார்த்த படுகொலையால் வந்த மனநோய் காரணமாக இருக்கலாம் என்ற மருத்துவ அறிக்கை பின்னால்தான் வந்தது. ஆனால் அது ஊசிக் காது. அதை நம்பி முதல் வாக்குமூலத்தில் அசட்டையாக இருக்காதீர்கள்.

கேஸ் முடிந்த அன்றைக்கு

கேஸைத் திரும்பப் பெற்றார்கள் என்றால் அதிலும் இரண்டு வகை. முழு விடுதலைக்குச் சமமானது ஒன்று, மறுபடி குற்றம் சாட்ட இடம் வைத்திருப்பது இன்னொன்று. வாசலுக்கு வந்து கட்டிப்பிடித்து அழுவதற்கு முன் எது என்று வக்கீலிடம் கேளுங்கள். இழப்பீட்டை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். வழக்கு வீண் தொல்லைக்காகப் போடப்பட்டது என்று நிரூபித்தால்தான் அது உண்டு, அதுவும் 10,000 வெள்ளிக்கு மேல் போகாது. பார்த்தி லியானி கேட்டுப் பார்த்தார், 2021இல் மறுத்துவிட்டார்கள்.

பெர்மிட்டும் தானாகத் திரும்பி வராது, மனிதவள அமைச்சில் தனியாகப் பேச வேண்டும். போனைப் பறிமுதல் செய்தபோது கொடுத்த ரசீது வேண்டும், பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், கோர்ட் உத்தரவின் நகலை வாங்கிப் படம் எடுத்து வீட்டுக்கும் அனுப்பிவிட வேண்டும். தம்பிக்குப் போன் திரும்பக் கிடைத்த சாயங்காலம் சார்ஜ் போட்டுத் திறந்தால், பத்து மாதத்துக்கு முன் அவன் அம்மா அனுப்பி, கேட்காமலே கிடந்த குரல் செய்திகள் நாற்பத்தொன்று இருந்தன. ராத்திரி முழுக்க ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.